வாசலுக்கு வெளியே நின்ற வாத்தியார்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் என் பேட்ச்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆகவே அதை அவர்களுக்கே விட்டுவிட்டு, வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயரைக் கேட்டாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். வான் டர் வால்ஸ்!

இரண்டாம் ஆண்டு தெர்மோடைனமிக்ஸ் தாளில் அவருடைய சமன்பாட்டைத் தருவிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பாதி வழியில் தடம் மாறி எங்கேயோ போய்ச் சேர்ந்தேன். அந்த அரியரை முடிக்க இன்னொரு செமஸ்டர் ஆயிற்று. விதியைப் பாருங்கள், அதற்குப் பிறகு என் உத்தியோக காலம் முழுக்க விமான எரிபொருளோடுதான் கழிந்தது. அந்த மனிதர் போட்ட பாதையில்தான் தினமும் நடந்தேன். ஆனால் அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துகொண்டது ரொம்பத் தாமதமாகத்தான். தெரிந்த பிறகு, இதை மாணவனாக இருந்தபோதே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஜாடி எண்ணெய்

விமானத்துக்கு ஊற்றுவது என்ன? பெயர் ஜெட் ஏ-1 என்று கம்பீரமாக இருந்தாலும், சுத்திகரித்த உயர்தர மண்ணெண்ணெய்தான். விமான நிலைய எரிபொருள் கிடங்கில் அதைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து முதலில் கண்ணால் பார்ப்போம். தண்ணீர் இல்லாமல், தூசி இல்லாமல், பளிச்சென்று இருக்க வேண்டும். பிறகு ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தியைப் படிப்போம். கூடவே வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்றுவோம். அந்த 15 டிகிரியில் அடர்த்தி கன மீட்டருக்கு 775-லிருந்து 840 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

இதற்கு ஏன் இவ்வளவு அமர்க்களம்? எரிபொருளை லிட்டர் கணக்கில் ஊற்றுகிறோம். ஆனால் இன்ஜினுக்குக் கிடைக்கும் சக்தி கிலோ கணக்கில். ஒரு கிலோவுக்குக் குறைந்தது 42.8 மெகாஜூல். எண்ணெயோ சூட்டில் விரிந்துவிடும். 15 டிகிரியில் 80,000 கிலோ இருக்கும் ஒரு லட்சம் லிட்டர், நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் 40 டிகிரியில் அளந்தால் ஏறத்தாழ 78,200 கிலோதான் இருக்கும். லிட்டர் அதே லட்சம். காணாமல் போனது 1,800 கிலோ!

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23 சாட்சி. ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மான்ட்ரியலிலிருந்து எட்மண்டனுக்குக் கிளம்பியது. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. கையால் அளந்து கணக்குப் போட்டார்கள். லிட்டரைக் கிலோவாக்க 0.8 என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்ற எண்ணைப் போட்டார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். விளைவு, தேவைப்பட்டதில் பாதிகூட டாங்க்கில் இல்லை. நடுவானில் இன்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கேப்டன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படை ஓடுதளத்தில் எப்படியோ இறக்கிவிட்டார். 69 பேரும் பிழைத்தார்கள். அடர்த்தி என்பது பாடப்புத்தக விஷயம் என்று நினைப்பவர்கள் அந்த 69 பேரைத்தான் கேட்க வேண்டும்.

அடர்த்தி ஒன்று மட்டுமல்ல. எத்தனை டிகிரியில் உறையும், எத்தனை டிகிரியில் ஆவி தீப்பிடிக்கும், ஆவி அழுத்தம் என்ன, சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என எல்லாம் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் எல்லா வெப்பநிலையிலும் எல்லா அழுத்தத்திலும் அளந்துகொண்டே இருக்க முடியுமா? ஆயுசு போதாது. சில இடங்களில் அளந்து, மற்ற இடங்களுக்குக் கணக்குப் போட வேண்டும். திரவத்துக்கும் வாயுவுக்கும் சேர்த்து ஒரே சமன்பாட்டில் அந்தக் கணக்கைப் போடலாம் என்று முதன்முதலில் காட்டியவர்தான் நம் கதாநாயகர்.

தச்சர் வீட்டுத் தலைப்பிள்ளை

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1837 நவம்பர் 23 அன்று ஒரு தச்சர் வீட்டில் யொஹான்னஸ் டிடரிக் வான் டர் வால்ஸ் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். தலைப்பிள்ளை என்றால் என்ன பாரம் என்று நம்மில் பலருக்குத் தெரியும். 15 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அக்காலத்தில் அந்த நிலைமையிலிருந்த பையனுக்கு அதற்குமேல் வழியில்லை. தொடக்கப் பள்ளி ஒன்றில் பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தேர்வாக எழுதி முழு ஆசிரியரானார். பிறகு தலைமையாசிரியர் பதவிக்கான தகுதியும் பெற்றார்.

அவர் பிறந்த ஊரிலேயே புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் அங்கே முறைப்படி சேர்ந்து தேர்வெழுத லத்தீனும் கிரேக்கமும் படித்திருக்க வேண்டும். பெளதிகம் படிப்பதற்கு லத்தீன் எதற்கு என்று கேட்கிறீர்களா? அன்றைய சட்டம் அப்படி. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தனிப் பள்ளிகளில் அவற்றைப் படித்துவிட்டு வந்தார்கள். தச்சர் மகன் எங்கே போவான்?

இருந்தாலும் வெளியாட்களும் ஆண்டுக்குச் சில பாடங்களைக் கேட்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. 1862-ல், 24 வயதில், கணிதமும் பெளதிகமும் வானவியலும் கேட்கப் போக ஆரம்பித்தார். மற்றவர்கள் பட்டத்துக்காக உட்கார்ந்திருந்த வகுப்பில், பட்டம் கிடைக்காது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்த ஆள் இவர்.

1863-க்குப் பிறகு அந்நாட்டில் நடுத்தர வகுப்புப் பிள்ளைகளுக்காகப் புதுமாதிரி உயர்நிலைப் பள்ளிகள் வந்தன. அவற்றுக்குப் பெளதிக ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். 1865-ல் டெவெண்டர் நகரில் அவருக்கு அந்த வேலை கிடைத்தது. அதே ஆண்டு, 18 வயது அன்னா மாக்தலேனா ஸ்மித்தை மணந்துகொண்டார். அடுத்த ஆண்டே ஹேக் நகரப் பள்ளிக்கு மாறிவிட்டார். அங்கிருந்து லெய்டன் பக்கம்தான். விட்ட படிப்பைத் தொடரலாமே!

பகலில் பள்ளிக்கூடம், வீட்டில் குடும்பம், மீதி நேரத்தில் மூலக்கூறுகள் என்று வருஷங்கள் ஓடின. அதற்குள் சட்டம் தளர்ந்தது. அறிவியல் மாணவர்களுக்கு லத்தீன், கிரேக்கத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. அவர் தேர்வுகளை எழுதித் தேறி, 1873 ஜூன் 14 அன்று டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது வயது 35.

ஒரே ஒரு கேள்வி

அவர் ஆய்வேட்டின் தலைப்பு, வாயு நிலைக்கும் திரவ நிலைக்கும் இடையிலான தொடர்ச்சி பற்றியது. வெப்பம் என்பது மூலக்கூறுகளின் ஓட்டமே என்று கிளாசியஸ் 1857-ல் எழுதியதைப் படித்தது முதல் இந்த எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. இதற்கிடையில் அயர்லாந்தில் தாமஸ் ஆண்ட்ரூஸ் ஒரு அதிசயத்தை அளந்து 1869-ல் வெளியிட்டிருந்தார். கார்பன் டை ஆக்சைடை சுமார் 31 டிகிரிக்கு மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகப் பிரிவதில்லை. இதைத்தான் மாறுநிலை வெப்பநிலை என்று படித்தோம். ஏன் அப்படி? ஒருவேளை வாயுவும் திரவமும் இரண்டு வேறு பொருளே அல்லவோ? அதே மூலக்கூறுகள், அதே விசைகள், நெருக்கம் மட்டும் வேறோ?

பழைய வாயு விதி, மூலக்கூறுகளுக்குப் பருமன் கிடையாது, ஒன்றையொன்று இழுக்காது என்று வைத்துக்கொண்டது. வான் டர் வால்ஸ் அதில் இரண்டே இரண்டு திருத்தங்கள் செய்தார்.

முதல் திருத்தம் பி. கூட்டமான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நகர்வதற்கு இருக்கும் இடம் பஸ்ஸின் முழு இடமல்ல, ஆட்கள் அடைத்துக்கொண்டது போக மீதிதான். இரண்டாவது திருத்தம் ஏ. விசேஷ வீட்டிலிருந்து கிளம்பும் விருந்தாளியை உள்ளேயிருக்கும் சொந்தக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள் அல்லவா? அவர் வாசலைத் தாண்டும் வேகம் குறைந்துவிடும். அதே போலச் சுவரை நோக்கிப் போகும் மூலக்கூறை உள்ளேயிருப்பவை பின்னால் இழுக்கின்றன. சுவரில் மோதும் வேகம் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது.

அவ்வளவுதான்! ஆனால் இந்த இரண்டு எண்களைப் போட்டதும் சமன்பாடு முப்படிச் சமன்பாடாகிவிடுகிறது. தாழ்ந்த வெப்பநிலையில் ஒரே அழுத்தத்துக்கு மூன்று விடை வருகிறது. சிறியது திரவத்தின் கன அளவு, பெரியது ஆவியின் கன அளவு, நடுவிலுள்ளது நிலைக்காது. வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போனால் மூன்றும் ஒரு புள்ளியில் கூடிவிடுகின்றன. அதுதான் ஆண்ட்ரூஸ் கண்ட மாறுநிலைப் புள்ளி. மூலக்கூறு என்ற ஒன்று உண்மையில் உண்டா என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளே சந்தேகப்பட்ட காலத்தில், ஒரு பள்ளி ஆசிரியர் அதற்குப் பருமனும் ஈர்ப்பும் கொடுத்துக் கணக்கும் போட்டுவிட்டார்.

ஆய்வேடு டச்சு மொழியில் இருந்தது. மாக்ஸ்வெல் அதைப் படித்து, 1874-ல் நேச்சர் இதழில் விரிவாக எழுதினார். சில குறைகளைச் சுட்டிக்காட்டினாலும், இந்த ஆள் முதல் வரிசைக்கு வருவார் என்பதைச் சந்தேகமில்லாமல் சொல்லிவிட்டார். இந்த ஆய்வேட்டுக்காகவே சிலர் டச்சு மொழி படிக்கக் கிளம்பிவிட்டார்கள் என்றும் குறிப்பிட்டார். லத்தீன் தெரியாது என்று வெளியே நிறுத்தப்பட்டவரைப் படிப்பதற்காக மற்றவர்கள் அவர் மொழியைக் கற்கும்படி ஆயிற்று!

பேசாமல் போன வருஷங்கள்

1877-ல் ஆம்ஸ்டர்டாம் நகரப் பல்கலைக்கழகம் புதிதாக உருவானபோது அதன் முதல் பெளதிகப் பேராசிரியர் ஆனார். 1880-ல் இன்னொரு பெரிய விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு பொருளின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கன அளவையும் அதனதன் மாறுநிலை அளவுகளால் வகுத்துப் பார்த்தால், எல்லாப் பொருள்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. இதுதான் ஒத்த நிலைகளின் விதி. அளக்க வாய்ப்புள்ள ஒரு பொருளை அளந்து, அளக்க முடியாத பொருளைப் பற்றிச் சொல்ல முடியும் என்ற தைரியம் இதிலிருந்துதான் வந்தது.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1881-ல் மனைவி அன்னா காசநோயால் இறந்துபோனார். வயது 34. மூன்று பெண் குழந்தைகள், ஒரு பையன். வான் டர் வால்ஸ் நொறுங்கிப்போனார். ஏறக்குறைய பத்து வருஷம் அவரிடமிருந்து ஆய்வுக் கட்டுரை எதுவும் வரவில்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை. மகள் அன்னே மாக்தலேன் வீட்டையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டார்.

நாமெல்லாம் வாழ்க்கைக் குறிப்பு எழுதும்போது இந்தப் பத்து வருஷத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். புகழின் உச்சியில் இருக்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்ட மனிதர், மறுபடி அதை எடுப்பது எவ்வளவு கஷ்டம்! ஆனாலும் எடுத்தார். 1890-ல் வெளிவந்தது, இரண்டு பொருள்கள் கலந்த கலவை பற்றிய அவருடைய கொள்கை. ஒரே வகை மூலக்கூறுகளுக்குள் உள்ள ஈர்ப்பு மட்டும் போதாது, வேறு வேறு வகை மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பையும் சேர்த்துக் கலவைக்கென்று ஒரு ஏ, ஒரு பி கணக்கிட வேண்டும் என்று காட்டினார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் கட்டிலா ஆற்றலை ஒரு வளைபரப்பாக வரைந்து, கலவை எப்போது ஒன்றாக இருக்கும், எப்போது திரவமும் ஆவியுமாகப் பிரியும் என்று கண்டுபிடிக்க வழி சொன்னார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை இதுதான். ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஒத்த நிலைகளின் விதியை வழிகாட்டியாகக் கொண்டு, மற்ற விஞ்ஞானிகள் அடங்காத வாயுக்களை அடக்கினார்கள். டிவார் 1898-ல் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். லெய்டனில் அவருடைய நண்பர் காமர்லிங் ஓன்னஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தைத் திரவமாக்கினார். ஹீலியத்தின் மாறுநிலை வெப்பநிலை எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட உதவியது வான் டர் வால்ஸின் கணக்கு. அதே 1908-ல் 70 வயதில் அவர் ஓய்வுபெற்றார். அந்த நாற்காலியில் மகனே வந்து அமர்ந்தார். 1910-ல் பெளதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1923 மார்ச் 8 அன்று, 85 வயதில், ஆம்ஸ்டர்டாமில் காலமானார். கடைசி வரை அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு, கிராமப்புறத்தில் நடப்பதும் படிப்பதும்தான்.

மண்ணெண்ணெய்க்கு வந்த வாழ்வு

அவருக்கும் விமான எரிபொருளுக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் இறந்து 16 வருஷம் கழித்து, 1939-ல்தான் முதல் ஜெட் விமானம் பறந்தது. ஆனால் ஜெட் எரிபொருள் என்பது என்ன? எட்டு கார்பனிலிருந்து பதினாறு கார்பன் வரை உள்ள நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. நீண்ட சங்கிலி, கிளைவிட்ட சங்கிலி, வளையம், அரோமாட்டிக் என்று சகல ஜாதியும் உண்டு. கிணறு மாறினால் கலவையும் மாறும். இந்தக் கூட்டத்தைக் கணக்கில் கொண்டுவர 1890-ல் அவர் சொன்ன கலவை வழிதான் தொடக்கம்.

அவருடைய மூலச் சமன்பாட்டை அப்படியே எடுத்துப் போட்டால் மண்ணெண்ணெய்க்கு விடை சரியாக வராது. மாறுநிலைப் புள்ளியில் அழுத்தத்தையும் மோலார் கன அளவையும் பெருக்கி, வாயு மாறிலி, வெப்பநிலை இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால், எல்லாப் பொருளுக்கும் 0.375 வர வேண்டும் என்கிறது அது. மண்ணெண்ணெயில் உள்ளவற்றை அளந்தால் 0.25-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. திரவ அடர்த்தியில் பெரிய பிழை விழும். அதனால் சமன்பாட்டைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. அதன் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு சதையை மாற்றினார்கள். 1949-ல் ரெட்லிக்கும் குவாங்கும், 1972-ல் இத்தாலியின் சோவேயும், 1976-ல் கனடாவின் பெங்கும் ராபின்சனும் திருத்தினார்கள். ஏ, பி இரண்டும் அப்படியே இருக்கின்றன. முப்படி வடிவமும் இருக்கிறது. இன்றும் சுத்திகரிப்பு ஆலையில் வடிகோபுரத்தைக் கணக்கிடும் மென்பொருளைத் திறந்தால் பெங்–ராபின்சன் அங்கே உட்கார்ந்திருக்கும்.

அதற்கு மேலும் துல்லியம் வேண்டுபவர்கள் வேறு வழியில் போனார்கள். நூற்றுக்கணக்கான பொருள்களையும் கணக்கில் சேர்க்க முடியாது. எனவே தெரிந்த சில தூய பொருள்களைக் கலந்து ஒரு நகலை உருவாக்குவார்கள். அசல் எரிபொருளின் அடர்த்தி, ஒலி அதில் செல்லும் வேகம், பாகுநிலை, சூடேற்றும்போது எத்தனை சதவீதம் எந்த வெப்பநிலையில் வடிகிறது என்பதையெல்லாம் அளந்து, நகல் அதற்கு ஒத்துவரும் வரை கலவையைச் சரிசெய்வார்கள். அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010-ல் ஜெட் ஏ எரிபொருளுக்கு இப்படி நகல்களை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய சமன்பாடுகள் வான் டர் வால்ஸ் வடிவம் அல்ல, ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றலில் எழுதியவை. ஆனால் அந்த ஆற்றலை வைத்துக் கலவையைப் படிக்கலாம் என்று 1890-லேயே நடந்து காட்டியவர் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இது வெறும் நுணுக்கப் பித்து அல்ல. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 747 வானில் வெடித்து 230 பேர் இறந்தார்கள். நடு டாங்க்கில் இருந்தது கொஞ்சம் எண்ணெய்தான். கீழே ஓடிய குளிர்சாதனக் கருவிகளின் சூட்டில் அது ஆவியாகி, காற்றோடு கலந்து, தீப்பிடிக்கும் நிலைக்கு வந்திருந்தது. அந்த வெப்பநிலையில், அந்த உயரத்தில், அவ்வளவு கொஞ்சம் எண்ணெயிலிருந்து எவ்வளவு ஆவி எழும்பும் என்பதை விசாரணைக்காகத்தான் ஆய்வகங்களில் உட்கார்ந்து அளந்தார்கள். டாங்க்கில் தீப்பற்றும் வாய்ப்பைக் குறைக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 2008-ல் வந்தது. திரவமும் ஆவியும் எந்தப் புள்ளியில் சமன்படும் என்ற கேள்விக்குப் பின்னால் 230 உயிர் இருந்தது.

தாவர எண்ணெயிலிருந்தும் பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்தும் தயாரிக்கும் எரிபொருளை இப்போது விமான எரிபொருளில் கலக்கிறார்கள். அதில் அரோமாட்டிக் கிட்டத்தட்ட இல்லை, அடர்த்தியும் குறைவு. எவ்வளவு கலந்தால் 775-க்குக் கீழே இறங்காமல் இருக்கும்? ஆவி அழுத்தம் எப்படி மாறும்? மறுபடியும் கலவைக் கணக்கு. அந்தக் கணக்கைச் செய்யப் போகிறவர்கள், இதை வாசிக்கும் தம்பி தங்கைகளில் சிலராகவும் இருக்கலாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை

வான் டர் வால்ஸ் தந்த எண்கள் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் திருத்திவிட்டார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வியை யாரும் திருத்தவில்லை. அளந்து பார்த்து இங்கே தப்பு என்று அடுத்தவர் சொல்லும்படி ஒரு கணக்கைத் தெளிவாக எழுதிவைப்பதுதான் நல்ல மாதிரி. எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி மழுப்பிவைப்பது மாதிரியே அல்ல. இது என் வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே தத்துவம்.

நம் கல்லூரிக்கு முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆங்கிலம் வரவில்லை என்று கடைசி பெஞ்சில் ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். நானே அதில் ஒருத்தன். அவர்களிடம் இந்தத் தச்சர் மகனின் கதையைச் சொல்லுங்கள். 24 வயதில், பட்டம் தராத வகுப்பில் போய் உட்கார்ந்தார். 35 வயதில் டாக்டர் ஆனார். பத்து வருஷத் துக்கத்துக்குப் பிறகு, 50 வயது தாண்டி, தன் சிறந்த வேலைகளில் ஒன்றைச் செய்தார். வாசலுக்கு வெளியே நின்ற அந்த நாட்களில் அவர் சும்மா நிற்கவில்லை, உள்ளே நடந்த பாடத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை விமானத்தில் ஏறும்போது ஜன்னல் வழியே பாருங்கள். இறக்கைக்கு அடியில் குழாயை மாட்டிக்கொண்டு எண்ணெய் வண்டி நிற்கும். அந்த எண்ணெயை அன்று காலையில் யாரோ ஒருவர் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருப்பார். பல வருஷம் அந்த ஜாடியைப் பிடித்தது என் கை. அப்போது இந்த மனிதரின் கதை தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் மரியாதையோடு பிடித்திருப்பேன்.

— வேதிப் பொறியியல் துறையின் பழைய மாணவன் ஒருவன்